நெஞ்சென்று சொல்லிவைத்த மார்பு

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் மனைவியைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். நோய் அந்த அம்மாவுக்கு, இந்த மனுஷன் வாய் தவறிச் சொல்லிவிட்டான் என்று அவர்களாகவே திருத்திக்கொள்கிறார்கள். "எனக்கில்லீங்க, இவருக்குத்தானுங்க" என்பாள் அவள். அதற்குப் பிறகு அவர்கள் கண்கள் என் சட்டைப் பொத்தான்களுக்கு வந்து, அங்கிருந்து பதறி என் முகத்துக்கு ஏறி, அங்கும் நிற்க முடியாமல் சுவரில் தொங்கும் காலண்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. சூலூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பம்புகளுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுப்பது தொழில். இது போதாதென்று ஊரில் ஒரு சேவைச் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தேன். சேவைச் சங்கம் என்றால் ஆண்டுக்கு நான்கு முகாம், நான்கு பேனர், ஒவ்வொரு பேனரிலும் எங்கள் எல்லோருடைய முகமும் என்று அர்த்தம். அப்படி ஒரு முகாம்தான் பெண்களுக்கான மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம். கல்யாண மண்டபம் முழுக்க இளஞ்சிவப்பு பலூன் கட்டியிருந்தோம். ஆண்கள் யாரும் உள்ளே நுழைந்துவிடாமல் வாசலில் காவல் நின்றது நான்தான். மனைவியோடு வந்த ஒரு தறிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தபோது, "இது லேடீஸ் புரோகிராமுங்க, நீங்க வெளிய இருங்க" என்று கும்பிட்டு அனுப்பினேன். அவரும் ஏதோ தப்பு செய்தவர் போலப் படியிறங்கிப் போனார். உள்ளே மேடையில் பேசிய டாக்டரம்மா, இது ஆண்களுக்கும் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் சமூகத்துக்காகச் செய்ய அதைவிட முக்கியமான வேலை எனக்கு இருந்தது. பின்கட்டில் தக்காளி சாதம் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, குளிக்கும்போது இடது பக்கக் காம்புக்குக் கீழே ஏதோ விரலில் தட்டுப்பட்டது. காய்ந்த மொச்சைக்கொட்டை அளவு. அழுத்தினால் வலி இல்லை. வலிக்காத ஒன்றை நோய் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கத்து ஆண்களிடம் கிடையாது. வலித்தாலே ஒப்புக்கொள்ள மாட்டோம். கொழுப்புக்கட்டி என்று நானே முடிவு செய்தேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால்கூட விரல் நுனியில் கண்டுபிடித்து, பையன்களைத் திட்டி, சாமானைத் திருப்பிப் போடச் சொல்கிற அதே கை இது. சொந்த உடம்பில் ஒரு கொட்டை முளைத்தபோது அந்தக் கை 'பரவாயில்லை, போகட்டும்' என்று பாஸ் போட்டுவிட்டது.

வைத்தியம் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. விளக்கெண்ணெய் தடவினேன். காலை நடையில் கூட வரும் நண்பரிடம், வேறு யாருக்கோ இருப்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். "கார்ல சீட் பெல்ட் போடறாங்கள்ல, அது உரசி உரசி அப்படி ஆகுமுங்க" என்றார். மிகவும் அறிவுபூர்வமான விளக்கமாகப் பட்டது. மறுநாளிலிருந்து சீட் பெல்ட்டைத் தளர்த்திப் போட்டுக்கொண்டேன். இப்படியே எட்டு மாதம் போனது. காம்பு மெல்ல உள்பக்கமாக இழுத்துக்கொண்டது. வயதாகிறது, உடம்பு சுருங்கத்தானே செய்யும் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வயிறு மட்டும் ஏன் சுருங்கவில்லை என்று என்னை நானே கேட்கவில்லை.

என் மனைவிதான் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி ஊறவைக்கப் போனவள் என் பனியனோடு திரும்பி வந்தாள்.

"ஏனுங்க, இதென்ன கறை?"

"பட்டறையில துரு பட்டிருக்கும்."

"பனியனுக்கு உள்பக்கமாவா துரு புடிக்குது?"

நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் அதைப் பிடுங்கி வைத்தாள்.

"போன வாரமும் இதே எடத்துல இருந்துச்சுங்க. தக்காளிச் சாறுன்னு நெனச்சுத் தொவச்சுப்போட்டேன். இது ரத்தம். சட்டையக் கழட்டுங்க."

"காலங்காத்தால எதுக்கு..."

"கழட்டுங்கன்னேன்."

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. கழற்றினேன். அவள் மூன்று விரல்களைச் சேர்த்து, காம்பைச் சுற்றி மெல்ல வட்டமாக அழுத்திக்கொண்டே வந்தாள். பிறகு கையைத் தூக்கச் சொல்லி அக்குளிலும் தொட்டுப் பார்த்தாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"நீங்க வாசல்ல நின்னு ஆம்பளைங்களையெல்லாம் வெளிய முடுக்கி உட்டீங்களே, அந்த முகாம்லதானுங்க" என்றாள். கேலியாகச் சொல்ல நினைத்தாள் போலிருக்கிறது, அது வரவில்லை. "எத்தன நாளா இருக்குது?"

"ரெண்டு வாரம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு மாசம்" என்றேன்.

மறுநாள் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே என் மனைவியிடம் வயது கேட்டு, எழுதி, குழந்தைகள் எத்தனை, தாய்ப்பால் கொடுத்தீர்களா, மாதவிலக்கு எப்போது நின்றது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். "பேஷண்ட் நானுங்க" என்று நான் சொன்னதும் அவள் விரல்கள் அப்படியே நின்றன. கம்ப்யூட்டரில் அந்தப் பிரிவுக்கு ஆண் என்று அடிக்க முடியவில்லையாம். உள்ளே யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டுங்க சார், அப்பறம் மாத்திக்கலாம்" என்றாள். இப்படியாக நான் அந்த மருத்துவமனையில் திருமதி ஆனேன். இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் முப்பது பெண்கள் இருந்திருப்பார்கள். நான் ஒருவன். சுவரெல்லாம் ரோஜா நிறம், எல்லாப் படத்திலும் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இடம் கொடுத்து நகர்ந்து உட்கார்ந்தது வால்பாறையிலிருந்து வந்த ஓர் அம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவராம். விடியற்காலை பஸ்ஸில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பொள்ளாச்சியில் மாறி வந்திருந்தார். அவருக்குக் கொஞ்ச நாளாகக் கீமோ மருந்து ஏற்றிவந்தார்கள், முடி கொட்டிய தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார்.

"சம்சாரத்துக்குத் துணைக்கு வந்தீங்களாய்யா?"

இல்லை என்று தலையாட்டினேன். என் சட்டையின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. காலண்டரையும் பார்க்கவில்லை.

"வலிக்குதாய்யா?"

"இல்லீங்கம்மா."

"எனக்கும் வலிக்கலய்யா. அதனாலதான் ஒரு வருசம் சும்மா இருந்துட்டேன். கூடைக் கயிறு அழுத்தி அப்படி இருக்குதுன்னு நெனச்சேன்."

எனக்கு சீட் பெல்ட், அவருக்குக் கூடைக் கயிறு. அவர் கூடை சுமந்தாவது இருந்தார்.

மேமோகிராம் எடுக்கும் அறையில், முன்பக்கம் நாடா வைத்த பூப்போட்ட அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். எந்திரம் இரண்டு தட்டுகள் கொண்டது, நடுவில் மார்பை வைத்து நசுக்கிப் படம் எடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸுக்குத் தூரத்துச் சொந்தம் என்று பார்த்ததும் புரிந்தது. டெக்னீஷியன் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நசுக்குவதற்குச் சதை தேடி அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க சார்... மூச்சப் புடிங்க... அய்யோ, வயிறு இடிக்குதுங்க சார்." கடைசியில் கிடைத்ததைப் பிடித்து அழுத்தினாள். என் பட்டறைப் பையன்களில் ஒருவன்கூட வைஸை இவ்வளவு ஒழுங்காக இறுக்கியதில்லை.

ஸ்கேன், ஊசி போட்டுத் துண்டெடுத்துப் பரிசோதனை, எல்லாம் முடிந்து ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். "கேன்சர்தாங்க. அக்குள்ல ஒரு நெறிக்கட்டிக்கும் போயிருக்கு. ஆனா குணப்படுத்தக்கூடிய நெலமையிலதான் இருக்கு. மார்பை எடுத்திடணும்."

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. தலைக்குள் வண்டு சுற்றுவது மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் அந்த டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாள் உயிரோடிருப்பேன் என்பதல்ல. "வெளிய என்னன்னு சொல்றதுங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அது எங்க சப்ஜெக்ட் இல்லீங்க" என்றார்.

அது என் அண்ணனின் சப்ஜெக்ட். எனக்கு ஐந்து வயது மூத்தவர், பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். விஷயம் கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் என்னைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தினார்.

"தம்பி, யாருகிட்டயும் மூச்சு உடாத. நெஞ்சுல பிரச்சன, ஆபரேசன்னு சொல்லிப்போடு. பொய்யுமில்ல பாரு."

தமிழ் அந்த விஷயத்தில் எங்களுக்கு நிறைய உதவி செய்கிறது. பெண்களுக்கு இருப்பது மார்பு. ஆண்களுக்கு நெஞ்சு. நெஞ்சில் எது வந்தாலும் கௌரவம், அது உழைத்து, கவலைப்பட்டு, குடும்பத்தைத் தாங்கியதால் வந்தது. அதே இடத்துக்கு மார்பு என்று பெயர் வைத்துவிட்டால் ஆம்பளையின் கதை முடிந்தது. அண்ணன் சொன்னபடியே ஊருக்கெல்லாம் நெஞ்சு ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடது மார்பையும் காம்பையும் அக்குளிலிருந்து சில நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பக்கவாட்டில் ஒரு குழாய் வைத்து நீர் வடிய விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பதினைந்து நாள் கதிர்வீச்சு. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தினம் ஒரு மாத்திரை. இதற்கிடையில் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் இதய நிபுணர்களாக இருந்தார்கள். ஒருவர் பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் நெய்யை நிறுத்து என்றார், அவர் மனைவி நெய் மட்டும்தான் நல்லது என்றார். மாடிப்படி ஏறாதே, பட்டறைக்குப் போனாலும் டென்ஷன் ஆகாதே என்றார்கள். என் இதயம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே கல்லுப்போல ஆரோக்கியமாக அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி எல்லோருக்கும் காபி கொடுத்து, "ஆமாங்க, சரிங்க" என்று சொல்லிச் சொல்லியே களைத்துப் போனாள்.

மாத்திரை தன் பங்குக்கு ஒரு வேலை செய்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். கழுத்திலிருந்து தலைவரை சூடு ஏறி, சட்டை நனைந்து, இரண்டு நிமிடத்தில் குளிரும். மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்கு வருவதுபோலத்தான் என்றார் டாக்டர். முதல் தடவை அப்படி வந்தபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மின்விசிறிக்குக் கீழே ஓடி நின்றேன். என் மனைவி குழம்புக் கரண்டியோடு அசையாமல் பார்த்தாள்.

"ஆறு வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி நான் நின்னப்ப என்ன சொன்னீங்கன்னு ஞாபகமிருக்குதுங்களா?"

இருந்தது. 'சும்மா எதையாவது நெனச்சுக்கிட்டே இருந்தா அப்படித்தான்' என்று சொல்லியிருந்தேன். அவள் ஒரு ஈரத்துண்டைப் பிழிந்து கொண்டுவந்து என் கழுத்தில் போட்டாள். அதற்குப் பதிலாக அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த முறை போனபோது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். வீடு திரும்பியதும் சந்தேகத்துக்காக அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன்.

"சித்திக்கு இருந்துச்சு" என்றார்.

அம்மாவின் தங்கை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் இறந்துபோனவர். மஞ்சள்காமாலை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மாருல கட்டி, புண்ணாயிப் போச்சு. வெளிய தெரிஞ்சா கேவலம்னு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல. பொண்ணு இருக்கற ஊடு, நாளைக்கு யாரு கட்டுவான்னு..." அண்ணன் இழுத்தார். "எனக்கு அப்பவே தெரியும். உங்கிட்ட எதுக்குச் சொல்றதுன்னுதான்."

போனை வைத்த பிறகு எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சித்தியின் நோய்க்கு மஞ்சள்காமாலை என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் நோய்க்கு நெஞ்சு ஆபரேஷன் என்று பெயர் வைத்தவன் நான்தான், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொல்லி மரபணு சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். வழிவழியாக வரக்கூடிய கோளாறு என்னிடம் இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகளை வரவழைத்து நடந்ததெல்லாம் சொன்னேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் மறுநாளே போய் ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் அது இருக்கிறது. "தெரிஞ்சது நல்லதுதானுங்கப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள். அன்று அவள் போன பிறகு நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சோதனை செய்துகொள்ளச் சொன்னபோது அண்ணன் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "எனக்கெல்லாம் ஒண்ணும் கெடையாது. ஆம்பளைக்கு வராது" என்றார். என்னிடமே சொன்னார், என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

உண்மை வெளியே வந்தது குலதெய்வக் கோயிலில். பொங்கல் வைத்துக் கிடா வெட்டும் நாள். பங்காளிகள், மாமன் மச்சான் எல்லோரும் கூடியிருந்தோம். ஆண்கள் தீர்த்தக்குடம் எடுக்க வேண்டும், சட்டை போடக்கூடாது. துண்டைப் போர்த்திக்கொண்டு ஓர் ஓரமாக நின்ற என்னைப் பூசாரி விடவில்லை. "துண்டை இடுப்புல கட்டுங்க, சாமி காரியம்" என்றார். கட்டினேன். ஒரு பக்கம் வழக்கம்போல, மறுபக்கம் காம்பில்லாமல் தட்டையாக, அக்குள்வரை ஓடும் ஒரு கோடு.

அங்கே என் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் இருந்தார். எழுபது வயது. முந்தின ஆண்டுதான் அவருக்கு நிஜமாகவே பைபாஸ் நடந்திருந்தது. அவருடைய தழும்பு நெஞ்சின் நடுவில் செங்குத்தாக இருந்தது. அவர் தன்னுடையதைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னுடையதை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில பண்ணுனாங்க? இப்படிப் படுக்கையாவா கிழிச்சாங்க? காம்பைக் காணமே?"

சுற்றியிருந்த இருபது பேரும் திரும்பினார்கள். அண்ணன் முன்னால் வந்து, "அது புது டெக்னிக்குங்க மாமா" என்றார். அந்த நேரத்தில் அவருக்கு அது எப்படித் தோன்றியதோ தெரியாது. மாமாவும் நம்பிவிட்டார். நானும் விட்டிருக்கலாம். ஆனால் மாமா விடாமல், "அப்ப எனக்கு ஏன் அதைப் பண்ணுல?" என்று கோபப்பட ஆரம்பித்தார். அடுத்த வாரமே அந்த மருத்துவமனைக்குச் சண்டைக்குப் போகிற ஆள் அவர்.

"மாமா, எனக்கு நெஞ்சு நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். "எனக்கு வந்தது மார்புல கேன்சர். பொம்பளைங்களுக்கு வருதே, அதே. எங்க சித்தியும் அதுலதான் செத்தாங்க, காமாலையில இல்ல."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டது போலத் தோன்றியது. அவர் பீடி பற்றவைக்க நிறுத்தியிருக்கிறார், பிறகுதான் தெரிந்தது. மாமாதான் முதலில் பேசினார்.

"அதெப்படி மாப்ள கண்டுபுடிக்கறது?"

இடுப்பில் துண்டோடு, பொங்கல் அடுப்புப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னேன். குளிக்கும்போது சோப்புக் கையோடு பார்த்தால் போதும். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மறுகையின் மூன்று விரல்களால் காம்பைச் சுற்றி வட்டமாக அழுத்தி வரவேண்டும், காம்புக்கு அடியில் கட்டாயம் பார்க்கவேண்டும், அக்குளையும் விடக்கூடாது. மாதம் ஒருமுறை போதும். கட்டி இருந்தாலோ, காம்பு உள்ளே போனாலோ, தோல் சுருங்கினாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ டாக்டரிடம் போகவேண்டும். வலி இல்லை என்று என்னைப்போல எட்டு மாதம் விளக்கெண்ணெய் தடவக்கூடாது. யாரும் சிரிக்கவில்லை. அன்று மதியம் பந்தியில் பார்த்தேன். பெரிய பெரிய தோட்டம் வைத்திருப்பவர்கள், மீசைக்காரர்கள், இலைக்குக் காத்திருந்த நேரத்தில் கொசு கடித்த மாதிரி, வேர்வை துடைக்கிற மாதிரி, ஒருவர் மாற்றி ஒருவர் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் என்னைக் காருக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துத் தன் வலது மார்பில் வைத்தார். ஏதோ மெத்தென்று உருண்டது.

"எத்தன நாளாச்சுங்கண்ணா?"

"ரெண்டு வாரம்" என்றார்.

"எத்தன மாசமாச்சு?"

"ஒரு வருசம் இருக்கும்." என்னைவிட ஐந்து வயது மூத்தவர் அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ சொன்னதுலயிருந்து தூக்கமில்ல தம்பி. போயி அதுதான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு..."

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். அதே கூடம், அதே பூப்போட்ட அங்கி. எந்திரத்திலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் நீலம் பாரித்திருந்தது. ஊசி வைத்து எடுத்த துண்டின் முடிவு ஒரு வாரத்தில் வந்ததும் டாக்டர் கூப்பிட்டார். புற்றுநோய் இல்லை, சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், மரபணு சோதனையையும் செய்துகொண்டு வாருங்கள் என்றார். அண்ணன் ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்து கும்பிட்டார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"அம்மணி, கேட்டியா? எனக்கு ஒண்ணுமில்லையாம். வெறும் கொழுப்புதானாம்."

என் மனைவி காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியுமுங்க மாமா" என்றாள்.

மரபணு சோதனைக்கு ரத்தம் கொடுக்க இன்னும் அவர் தேதி சொல்லவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்து கேட்கிறேன். தோப்பில் வேலை இருக்கிறது என்கிறார். வரும் திங்கட்கிழமை நானே காரை எடுத்துக்கொண்டு போகிறேன்.